கீழே ஓடும் எழுத்து

செவ்வாய்க்கிழமை, ஏழு மணி.
பொகவந்தலாவையில் கூட்டுறவுச் சங்கத்து மேல்மாடி.
மாவு மூட்டைகளை ஒரு பக்கம் தள்ளிவிட்டு
கல்யாண வீட்டில் இரவல் வாங்கிய வெள்ளைத் துணியில்
போலந்து தேசத்துப் பனி விழுகிறது.

எட்டுக் குறும்படங்கள், வாரத்துக்கு ஒன்று.
டெஸ்மன் மாஸ்டர் எங்கிருந்தோ கொண்டுவந்தார்.
அவர்கள் பேசுவது எங்களில் எவருக்கும் தெரியாது.
கீழே ஓடும் ஆங்கிலத்தை
ஓடுகிற வேகத்தில் தமிழாக்கிச் சொல்வது என் வேலை.
தோட்ட ஆபீஸ் கிளாக்கர், வேறு யாருக்கு வரும் என்றார்கள்.
தகரத்தில் மழை பலத்தால் கத்திச் சொல்வேன்.

முதல் படத்தில் ஒரு பூட்டுக்காரன்.
படியில் அழுதுகொண்டு நின்ற பையனுக்குக்
கதவைத் திறந்துவிடுகிறான்.
அது அந்தப் பையனின் வீடில்லை.
அவ்வளவுதான் படம்.
"முடிஞ்சிருச்சா?" என்றார் லொறிக்காரர் சிவனு.
மூன்று நாள் அதையே கேட்டுக்கொண்டு திரிந்தார்.

இரண்டாவதில் ஒரு விதவை
கடையில் கூடுதலாய் வந்த சில்லறையைத் திருப்பிக் கொடுக்கிறாள்.
கணக்குப் பிழைத்ததென்று
கல்லாவில் இருந்த பெண்ணுக்கு வேலை போகிறது.
மருத்துவிச்சி ஜெசிந்தா எழுந்து துணியைப் பார்த்து
"வச்சிருந்திருக்கலாமேடி" என்றாள்.
"அப்ப களவு எடுக்கச் சொல்றீங்களா?"
துணி மடிக்கும்வரை தீரவில்லை வழக்கு.

மூன்றாவதின் பாதியில் கரண்ட் போனது.
மோதிரம் யாருடையதென்று
இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

நான்காவது.
மாடிக் கட்டடம், கடுங்குளிர்.
வந்திருப்பது ஒன்பது மூட்டைக் கரி.
கதவுகள் பத்து.
பட்டியல் எழுதுகிறவனின் பேனையை
அவ்வளவு நேரம் காட்டியிருக்க வேண்டாம்.

எங்கள் மலையில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்.
கொழுந்து குறைந்தால் அரைப்பேர்.
பேர் வெட்டுவது எனக்குப் புதிதல்ல,
பதினோரு வருஷமாய் அதே சிவப்புப் பேனை.
மண் சரிந்த வருஷம்
மேற்பிரிவு லயத்தில் மிஞ்சியது இருபத்தொரு குடும்பம்.
வந்தது இருபது வீடு.
தொரை தாளை நீட்டி
"நீயே பார்த்து ஒன்றை எடு" என்றார்,
சாப்பிடப் போகும் அவசரத்தில்.

படுத்த படுக்கையாய் ஆள் கிடந்த வீட்டை வெட்டவா?
நாலு பிள்ளை இருந்ததையா?
ஒரு பிள்ளையும்
கொழும்பில் ஹோட்டல் வேலை பார்க்கும் புருஷனும் உள்ள
யோகராணியை வெட்டினேன்.
இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் வெட்டுவேன்
என்று நினைக்கிறேன்.

என் தொண்டையில் நிற்பது அது இல்லை.
பிரட்டுக்களத்தில் வந்து கேட்டபோது
"லிஸ்டு கொழும்புல இருந்தே அப்பிடித்தான் வந்துச்சு தங்கச்சி"
என்றேனே, அது.
அவள் தலையாட்டினாள்.
நனைந்த படங்கைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு
மலைக்கு ஏறிப் போனாள்.

இப்போது இரண்டாம் வரிசையில் இருக்கிறாள்.
மடியில் பிள்ளை தூங்குகிறது.

திரையில் ஒரு பெண் மூச்சு வாங்கப் படியேறி வந்து கேட்கிறாள்.
நான் சொல்கிறேன்: "என் பேரை வெட்டினது யாரு?"
அவன் ஒரு கையுறையைக் கழற்றுகிறான்.
மற்றதைக் கழற்றவில்லை.
எழுத்து வருகிறது.
இரண்டே சொல்.

தெரியாது எனலாம். மேலிடம் எனலாம்.
இந்த மாடியில் ஆங்கிலம் தெரிந்தவர் இன்னும் ஒருவர்தான்,
அவரும் ஆடுகிற பிளக்கைப் பிடித்தபடி
சுவரைப் பார்த்து நிற்கிறார்.

"நான்தான்" என்றேன்.
"நான்தான் வெட்டினேன்."

மழைக்கு மேலால் கத்திவிட்டேன் போல.
பிள்ளை விழித்துக்கொண்டது.
திரையில் அந்தப் பெண் பதில் சொல்லவில்லை,
நீண்ட நேரம் சொல்லவில்லை,
நான் சொல்வதற்கும் எதுவும் இல்லை.

கீழே செருப்புக் குவியலில் கால் துழாவியபடி
"பாவம் அந்தப் போலந்துக்காரன்" என்றாள் யோகராணி.
"வாய்விட்டுச் சொல்லிட்டானே."
பிறகு, படி வழுக்கும் என்று,
டோர்ச்சை என் காலடியில் பிடித்தாள்.
முகத்தில் பிடிக்கவில்லை.

அடுத்த செவ்வாய் ஐந்தாவது.
அதில் யாரும் பேசுவதே இல்லையாம்.
"உமக்கு ஓய்வு" என்றார் டெஸ்மன் மாஸ்டர்.