மந்தைவெளிக்கு முன்

துளசிங்கத்தைப் பேசவைப்பதுதான் அன்று எனக்கு வேலை.
பச்சைத் துணிக்கு இந்தப் பக்கம்
அவர் முகமும் நானும்.
அந்தப் பக்கம்
திறந்த மண்டையும் டாக்டர் மெஹருன்னிசாவின் விரல்களும்.
மூளையைத் தொட்டால் மூளைக்கு வலிக்காது.
வலி என்று ஒன்று இருப்பதே அதனால்தான் தெரிகிறது.
பெரியாஸ்பத்திரியில் பதினோரு வருஷமாகக் கேட்கிறேன்,
இன்னும் பழகவில்லை.

மற்ற நாட்களில்
பால் நிறத்து மருந்து ஏறும்போது
பத்திலிருந்து பின்னால் எண்ணச் சொல்லும் குரல் என்னுடையது.
பத்து, ஒன்பது, எட்டு...
ஏழைத் தாண்டியவர்கள் குறைவு.
ஒரு கணக்கு வாத்தியார் மட்டும் ஆறில் பாதி சொன்னார்.
எங்கே போகிறார்கள்?
தியேட்டர் வாசலில் எந்த ஆன்மாவும்
செருப்பைத் தேடி நான் பார்த்ததில்லை.
திரும்பி வந்ததும் கேட்பது ஒன்றுதான்:
"இன்னும் ஆரம்பிக்கலையா?"

துளசிங்கம் மாநகரப் பேருந்தில் கண்டக்டர்.
நெல்லிக்காய் அளவு கட்டி,
பேச்சுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தது.
படம் காட்டிப் பெயர் கேட்கும் அட்டைகள்
இரண்டே நிமிஷத்தில் அவருக்குச் சலித்துவிட்டன.
"பூனைய பூனைன்றதுக்கு நான் எதுக்கு?
ரூட்டு சொல்றேன், கேளு மேடம்."

பெரம்பூரில் விசில் அடித்தார்.
ஜமாலியா. ஓட்டேரி.
புரசைவாக்கத்தில் ஒரு கல்யாணக் கூட்டம் ஏறியது.
"உள்ள போ, உள்ள போ, நடுவுல காலியாத்தான கீது."
ஸ்டெர்லிங் ரோடு. ஜெமினி.
ஸ்டெல்லா மேரிஸில் பாதி வண்டி காலி,
லஸ்ஸில் சில்லறைச் சண்டை.
அப்போது மின்முனை ஒரு மடிப்பைத் தொட்டது.

"ம்..."

"ம்..."

உதடு ஒட்டிக்கொண்டது.
மெய் வந்து நிற்கிறது, உயிர் ஏறவில்லை.
கண் மட்டும் வண்டிக்குள்ளேயே இருந்தது.
ஊசி குத்திய கை,
இறங்குகிறவர்களுக்கு வழிவிடச் சொல்லி அசைந்தது.
"எடுத்துட்டேன்," என்றார் டாக்டர்.
"மந்தவெளி! மந்தவெளி எறங்கு!"

அந்த இடத்தில்
குன்றிமணி அகலத்தில் வெள்ளைக் காகிதம் ஒன்றை வைத்தார்கள்,
எழுத்தின் தலையில் வைக்கும் புள்ளியைப் போல.

"பாத்தீங்களா," என்றான் பயிற்சி டாக்டர் நவநீதன்.
"துளியூண்டு கரண்ட்டுல ஒரு ஏரியாவே காலி.
ஆத்மா தனியா இருந்தா அதுக்கெதுக்கு இவ்ளோ ஒயரிங்?"
சரிதான் என்று தலையாட்டினேன்.
பஞ்சை எண்ணிக்கொண்டிருந்த சிஸ்டர் அமலோற்பவம்
நிமிராமல் சொன்னார்:
"கொழா அடைச்சிக்கிச்சின்னா
செம்பரம்பாக்கமே இல்லன்னு ஆயிடுமா தம்பி?"
அதற்கும் தலையாட்டியிருந்தேன்.
"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க.
கட்டி இன்னும் உள்ளதான் இருக்கு," என்றார் டாக்டர்.

குனிந்து அவர் காதருகே கேட்டேன்:
அப்ப என்ன ஆச்சு?
"தெரிஞ்சிது மேடம்.
டிப்போ, எதுத்தாப்ல டீக்கட, மூத்தர நாத்தம்,
எல்லாம் தெரிஞ்சிது.
பேரு மட்டும், டிக்கெட் எடுத்துட்டு
எறங்காம படியில நிக்கிற ஆளு மாதிரி."
அடையாறு வரை மௌனமாக வந்தார்.
பிறகு:
"அது இல்லன்னு பாத்துக்கினே இருந்தேன் பாரு,
அது யாரு?"

அந்த மடிப்பு எது என்று யாரும் தேடவில்லை.
தேடித் தொட்டிருந்தாலும்
காணோம் என்று சொல்ல
அங்கே ஆள் இருந்திருக்காது.

இரவு, கும்மிடிப்பூண்டி லோக்கல்.
பேசின் பிரிட்ஜ் தாண்டி வழக்கம்போல சிக்னலுக்கு நின்றது.
கால்வாய் நாற்றம் ஜன்னல் வழியே ஏறியது.
உதட்டை மூடி
ம் என்று மட்டும் வைத்துக்கொண்டு
அடுத்தது எங்கிருந்து கிளம்புகிறது என்று காத்திருந்தேன்.
நான் பார்ப்பதற்குள்
ஒவ்வொரு முறையும் அது வந்துவிட்டிருந்தது.

எதிரே காலிப் பூக்கூடையோடு இருந்தவள்
வெகுநேரமாக என்னைக் கவனித்திருக்கிறாள்.
"இன்னாம்மா, பல்வலியா?"
சுருக்குப்பையைத் துழாவி ஒரு கிராம்பை நீட்டினாள்.
வாங்கி
வலிக்காத ஒரு பல்லில் வைத்துக்கொண்டேன்.