நாற்பத்தெட்டு எண்கள்

திரையில் ஏழு சிவப்பு.
ஆறு, எனக்குப் பழகிய பிடிவாதக்காரர்கள்.
புதுப்பிப்பை 'நாளைக்கு' என்று தள்ளித் தள்ளி
மாசக்கணக்கில் நாளையிலேயே குடியிருப்பவர்கள்.
டீ இடைவேளையில் அணைத்துப் போட்டால்
சாயங்காலம் பச்சையாகிவிடுவார்கள்.

ஏழாவது, தடா எடைமேடை.
கடைசியாகப் பேசியது நாற்பத்தொரு நாள் முன்பு.
நிலை: இணங்கவில்லை.
காரணம் என்ற கட்டத்தில் ஒரு சிறு கோடு.

நான் கும்மிடிப்பூண்டியில், இரண்டாம் மாடியில்.
நடுவில் ஆரம்பாக்கம் சோதனைச்சாவடி,
வரிசையில் நிற்கும் லாரிகள்,
பெயரை மாற்றிக்கொள்ளும் செல்போன் கோபுரங்கள்.

பெஞ்சலய்யா போனை எடுத்தார்.
"கரெண்ட் போய் வந்தா மேடம், இதுக்கு மட்டும்
ரெண்டாயிரத்துப் பத்தொம்போது, ஜனவரி ஒண்ணு.
தினம் திருத்துனேன். சலிச்சுப்போச்சு. விட்டுட்டேன்."
சீட்டில் அச்சாகும் தேதியைப் பேனாவால் அடித்து
சரியானதை எழுதி
பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறாராம்,
ஒவ்வொரு லாரிக்கும்.

எங்கள் சான்றிதழ் போன வருஷம் பிறந்தது.
அதன் காலண்டரில் நாங்கள் இன்னும் வரவே இல்லை.
வராதவர்களுக்கு
எப்படி இணங்கும், பாவம்.

காசளவு பேட்டரி ஒன்று செத்திருக்கிறது.
என் கொள்முதல் விண்ணப்பம்
மூன்றாவது கையெழுத்துக்குக் காத்திருந்தபோது
அவர் சூளூர்பேட்டை வாட்ச் கடையில் வாங்கி
ஒரு கிளீனரின் ஸ்க்ரூ டிரைவரால்
மாற்றியே விட்டார்.

உடனே நீலத்திரை.
"நெம்பர் அடுகுதோந்தி மேடம்."
கேட்கத்தான் செய்யும்.
வயிற்றைத் திறந்தவரைச் சந்தேகப்படு என்று
சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

நாற்பத்தெட்டு எண்கள், ஆறு ஆறாக எட்டுக் கட்டு.
நான் தமிழில் சொல்ல, அவர் தெலுங்கில் திருப்பிச் சொல்லி
ஒற்றை விரலால் அடித்தார்.
ஆறு அங்கேயும் ஆறு.
ரெண்டு அங்கேயும் ரெண்டு.
மூணு கொஞ்சம் வளைந்து மூடு.
பூஜ்யம் சுன்னா.
பின்னால் ஹாரன்கள்; மேடைமேல்
சரளைக்கல் லாரி ஒன்று உறுமிக்கொண்டு.

ஐந்தாவது கட்டில் மறுத்தது.
நாலு ஒண்ணு எட்டு ஆறு ஆறு பூஜ்யம்.
மறுபடி. மறுத்தது.
மறுபடி, நிறுத்தி நிறுத்தி.
டிரைவர் யாரையோ திட்டுவது கேட்டது,
இரண்டு மொழியிலும்.

"எட்டுன்னா என்ன அடிக்கிறீங்க?"
"ஏடுதானே. ஏழு."

நாலு வருஷ வேலையில் முதல்முறையாக
அந்தப் பக்கத்துச் சொல்லொன்றை வாய்விட்டுச் சொன்னேன்:
எனிமிதி.
ஒரு விசை தட்டும் சத்தம்.
"இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல மேடம்."

அறிக்கையில் காரணம் கேட்டார்கள்.
தேர்வுகள்: பயனர் தவறு, வன்பொருள், வலைப்பின்னல், மற்றவை.
வெகுநேரம் பார்த்துவிட்டு
மற்றவை.

திரையில் இன்னும் சிவப்புதான்.
பச்சையாக எட்டு மணி நேரம் ஆகலாம் என்கிறது.
எட்டு, எனிமிதி.

ஆறரைக்கு ஒரு படம் அனுப்பினார்.
சரளைக்கல் லாரியின் சீட்டு,
அச்சிலேயே இன்றைய தேதி.
அடித்தல் இல்லை.
பக்கத்தில், பழக்கத்தில்,
அவர் கையெழுத்து.