குட்டை

நாங்கள் அதற்கு வைத்த பெயர் குட்டை.
பிடி ஒரு முழம்கூட வராது,
முனையில் உள்ளங்கை அகலத்துக்கு இரும்பு.
அதைப் பிடித்தவர் நிமிர முடியாது.
அதுதான் அதன் முதல் வேலை,
களையெடுப்பது இரண்டாவது.
குனியக் குனியக் குட்டும்.

சலினாஸ் பள்ளத்தாக்கில்
விடியுமுன்னே கடலிலிருந்து பனிமூட்டம் ஏறிவரும்.
லெட்டூஸ் நாற்று சுண்டுவிரல் உயரம்.
ஒன்றை விட்டு மூன்றைக் கொத்து.
அடி வை, கொத்து,
அடி வை.
கால் மைல் போனால் வரிசை முடியும்,
முடிந்த இடத்தில் அடுத்தது காத்திருக்கும்.

மேஸ்திரி பல்தசார் வண்டிமேல் ஏறி நிற்பான்.
எழுபது முதுகும் கிடையாகத் தெரிந்தால்
அவனுக்கு நல்ல நாள்.
நீளக் கைப்பிடி கேட்டோம் ஒருமுறை.
"எல்லாரும் நின்றால்
சும்மா நிற்பவனை எப்படிக் கண்டுபிடிப்பேன்?"
நியாயமான கேள்வி போலவே கேட்டான்.

பதினோரு வருஷம்
மனிதர்களை எனக்குக் காலணியால் தெரியும்.
இடது குதி தேய்ந்திருந்தால் கிரெசென்சியோ.
ஆண் பூட்ஸில் செய்தித்தாள் திணித்து நடந்தால்
எதெல்வினா.
இருமலுக்கும் பெருமூச்சுக்கும் பெயர் சொல்வேன்.
என் தும்மலை மூன்று வரிசை தாண்டியும்
அவர்கள் அறிவார்கள்.
முகம்?
சம்பள வரிசையில் பார்த்திருக்கலாம்.
அங்கே முன்னால் நிற்பவரின் பிடரிதான் தெரியும்.

எதெல்வினாவுக்கு முப்பத்து நான்கு வயதில்
முதுகெலும்பில் ஒரு தட்டு பிதுங்கியது.
டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
"இது அறுபது வயது முதுகு" என்றார்.
"நடுவில் இருபத்தாறு வருஷம் எங்கே?" என்றாள்.
அவர் சிரிக்கவில்லை.
அவளும் சிரிப்புக்காகக் கேட்கவில்லை.

எழுபத்தைந்தாம் ஆண்டு.
வழக்குப் போட்டவர்கள் போட்டிருந்தார்கள்,
மருத்துவர்கள் சாட்சி சொல்லியிருந்தார்கள்,
கறுப்பு அங்கியில் நேராக உட்கார்ந்து
யார்யாரோ எங்கள் முதுகைப் பற்றிப் பேசியிருந்தார்கள்.
கலிபோர்னியாவில் இனி குட்டை கூடாது.
வானொலி அதைச் சொல்லி முடித்தபோது
நான் பீன்ஸ் வேகவைத்துக்கொண்டிருந்தேன்,
அடுப்பின் மேல் குனிந்து.

நீளக் கைப்பிடிகள் லாரியில் வந்தன.
பச்சை மர வாசனை.
முதல் ஒரு மணி நேரம்
அதையும் நாங்கள் குனிந்தேதான் பிடித்தோம்.
உடம்புக்குத் தீர்ப்பு இன்னும் போய்ச் சேரவில்லை.
பிறகு கிரெசென்சியோ நிமிர்ந்தான்.
எலும்பு ஒவ்வொன்றாகச் சொடுக்கிக்கொள்ளும் சத்தம்.
"மலை இவ்வளவு பக்கத்திலா இருந்தது?"

நான் மலையைப் பார்க்கவில்லை.
அவன் புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு,
கண்கள் சாம்பல் நிறம்.
பதினோரு வருஷம் பக்கத்து வரிசை.
யார் நீங்கள் என்று கேட்க வாயெடுத்தேன்,
தும்மல் வந்துவிட்டது.
"அட, ஹெர்மெலிந்தா!" என்றான்.

அடுத்த பருவமே பல்தசார் வந்து சொன்னான்:
"கம்பு நாற்றை நசுக்குகிறது,
கையால் பிடுங்குங்கள்."
கைக்கு இவ்வளவு நீளம் வேண்டுமென்று
தீர்ப்பில் எழுதியிருக்கவில்லை.
மறுபடி குனிந்தோம்.
ஆனால் இப்போது
நடுவில் யாராவது ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்,
எந்தப் பெயரானாலும் சரி,
எழுபது தலைகளும் எழும்.
வண்டிமேல் இருந்தவனுக்கு
யாரென்று கேட்கத் தோன்றவில்லை.

குட்டைகளைத் திருப்பி வாங்கி எண்ணியபோது
ஒன்று குறைந்தது.
அது என் வீட்டில் இருக்கிறது,
காற்றில் அடித்துக்கொள்ளும் சமையலறைக் கதவுக்கு
முட்டுக்கொடுத்தபடி.
சில நாள் நழுவி நடுவழியில் கிடக்கும்.
எடுக்க மாட்டேன்.
காலால் தள்ளுவேன்.