ஒன்பது மீட்டர்

சுருளை மேசையில் வைத்து
ஒன்பது மீட்டர்தான் மிச்சம் என்றான் கடைக்காரன்.
தடித்த செம்பு, பாதி விலை.
கதவுவரை போனவளைத் திரும்பக் கூப்பிட்டு
"இரண்டு பக்கமும் ஒரே நீளம் வெட்டுங்கள்" என்றான்,
சாப்பாட்டுக்குப் பிறகு என்று
மருந்துக்கடையில் சொல்வதுபோல.

வினிபெக்கில் அன்றைக்கு மைனஸ் இருபத்தெட்டு.
பஸ் நிறுத்தத்தில் வயர் விறைத்துவிட்டது.
வீட்டில் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில்
ஒரு மணிநேரம் கிடந்த பிறகுதான்
வளைய ஒப்புக்கொண்டது.

எங்கள் ஹாலில்
ஆம்பிளிஃபயருக்கு இடது மூலையை விட்டால்
வேறு பிளக் இல்லை.
இடது ஸ்பீக்கருக்கு அங்கிருந்து இரண்டு மீட்டர்.
வலதுக்குப் போகிற வழியில் பால்கனிக் கதவு,
கதவையொட்டி ஹீட்டர்.
தரையோடு போனால் ரப்பர் உருகும்.
நிலையில் ஏறி, மேலே தவழ்ந்து,
அந்தப் பக்கம் இறங்க
ஏழு.
தையல் நாடாவால் மூன்று தரம் அளந்தேன்.
ஏழுதான்.

சரிபாதி என்றால் நாலரை, நாலரை.
இடதுக்குத் தேவைக்கு மேல் இரண்டரை,
அலமாரிக்குப் பின்னால் சுருண்டு தூங்கும்.
வலதுக்கு வந்தது
கதவின் நெற்றியோடு தீர்ந்துபோய்
அந்தரத்தில் இரண்டு செம்பு நுனி.
பங்கு பிரித்ததில் குறை சொல்ல முடியாது.
வலது ஊமை, அவ்வளவுதான்.

கத்தரிக்கோலை நிமல்ராஜ் ஒளித்து வைத்திருந்தான்.
"ஒரு பக்கம் சத்தம் முந்தி வராதோ?"
ஹைட்ரோ பில்லின் முதுகில் கணக்குப் போட்டேன்.
ஒரு விநாடியைக் கோடியாக உடை,
அதில் ஒன்றை எடுத்து நாலாகக் கிள்ளு.
ஐந்து மீட்டர் கூட ஓட
மின்சாரத்துக்கு அவ்வளவு போதும்.
காற்றில் வருகிற சத்தம் வேறு சாதி,
அது நடந்து வருகிற ஆள்.
நீ ஒரு விரற்கடை தள்ளி உட்கார்ந்தால்
அதைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் பிந்தும்.

அவன் ஒரு விரற்கடை தள்ளி உட்கார்ந்தான்.
பிறகு இன்னொன்று.
கத்தரிக்கோல் குஷனுக்கு அடியிலிருந்து வந்தது.

இரண்டு, ஏழு. வெட்டினேன்.
சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு.
பழைய கடையில் இரண்டு டாலருக்கு எடுத்த
இசைத்தட்டில் ஒருத்தி பாடினாள்,
எந்த நாட்டு மொழியோ.

"எங்கே நிற்கிறாள்?" என்று கேட்டேன்.
"வலது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில்."
எனக்கு இடதுக்குப் பக்கத்தில்,
கைக்கெட்டும் தூரத்தில் நின்றாள்.
ஒன்பது வருஷமாக
அவன் சோபாவின் வலது குஷன், நான் இடது.
நடுவில் இருப்பது தையல்.

அவன் இரவு ஷிஃப்டுக்குப் போன பிறகு
யாரும் பார்க்காத திருட்டுபோல
அந்தத் தையலில் உட்கார்ந்தேன்.
முதுகெலும்பில் மரச்சட்டம் குத்தியது.
பால்கனிக் கண்ணாடியோடு ஒட்டி,
பனிக்கு முதுகைக் காட்டி நின்று
எனக்கு நேராகப் பாடினாள்.
வெறுங்காலோடு நிற்கிறாள் என்றுகூடத் தோன்றியது.

எழும்போது உள்ளங்கையில் ஏதோ உறுத்தியது.
குஷன் இடுக்கில் மிக்சர்த் துகள்,
காராபூந்தி, ஒரு கறிவேப்பிலை.
நான் மிக்சர் தொடுவதில்லை.
பகல் முழுக்க வேலையில் இருக்கிறேன்.

அவனிடம் கேட்கவில்லை.
தட்டி எடுத்தேன்;
கறிவேப்பிலையை மட்டும் விட்டுவிட்டேன்.

நிலையில் ஒட்டிய டேப்தான்
குளிருக்கு அடிக்கடி விட்டுக்கொள்கிறது.
கதவுக்கு மேலே தொங்குகிற வயரைப்
பார்க்கிறவர் அழுத்திவிட்டுப் போகிறோம்.