இஞ்சு டேப்

பதினெட்டு வருசமாக
அனுப்பர்பாளையத்தில் கட்டிங் மாஸ்டர்.
கறுப்புத் துணி விரிக்கும் நாளில் மட்டும்
முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தான் வரைக்கும்.
அப்படியும் உதிரும்.
செக்கிங் டேபிளில் செவந்தாமணி ஊதிவிட்டு
"பஞ்சுங்க மாஸ்டர்" என்பாள்.
பஞ்சில்லை என்று அவளுக்கும் தெரியும்.

இங்கே யாராவது பார்த்துவிடுவார்களென்று
ஈரோடு வரைக்கும் போனேன், முழங்கைக்கு ஒரு களிம்பு கேட்டு.
தோல் டாக்டரம்மா தோலைப் பார்த்தது ரெண்டு நிமிசம்.
பிறகு மேசை டிராயரிலிருந்து எடுத்தார்
இஞ்சு டேப்பை.
என் இடுப்பில்!
ஊருக்கெல்லாம் அளவு போட்டவன்
மூச்சை உள்ளிழுத்து நின்றேன்.
"விடுங்க."
விட்டேன்.
நாற்பத்திரண்டு.

வெறும்வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு, பிரஷர்,
ஈரலுக்கு ஒரு ஸ்கேன்.
முழங்கை எங்கே, ஈரல் எங்கேங்க?
"சொரியாசிஸ் தோலோட நிக்கிறதில்ல.
அதே அழற்சி ரத்தத்துலயும் சுத்துது" என்றபடி
சீட்டைக் கிழித்தார்.

ஊத்துக்குளியில் பஸ் நின்றது.
வெண்ணெய்க் கடை போர்டை
ரிப்போர்ட் போல எழுத்தெழுத்தாய்ப் படித்தேன்.
பனியனை வெளிப்பக்கம் பார்த்து யார் பாஸ் செய்கிறார்கள்?
உள்ளே புரட்டித்தானே தையல் பார்ப்போம்.
இதுகூடத் தெரியாமலா
இத்தனை வருசம் களிம்பு பூசினேன்.

மறுநாளும் கறுப்புத் துணி.
"பஞ்சுங்க மாஸ்டர்."
"பஞ்சில்ல புள்ள, அது நானு."
ஊதியவள் நிறுத்தினாள்.
"எங்கண்ணனுக்கும் இருக்குதுங்க"
கொஞ்சம் பொறுத்து,
"சர்க்கரையுந்தான்."

கட்டரை அணைத்துவிட்டுக் கேட்டேன்:
உங்கண்ணனுக்கு இடுப்பு எத்தனை இஞ்சு?