பிளேன்ரீ இடைவேளை

பத்து மணி விசிலுக்கு முகக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு
வீரை நிழலில் இருக்கிறோம்.
ஒட்டுசுட்டான் ரோட்டுச் சத்தம் இங்கே வராது.
மாதக் கடைசியில் சோதனை.
பாஸ் பண்ணினால் செக்சன் லீடர், ஏழாயிரம் கூட.
அதுக்கு இங்கிலீசு வேணுமாம்.

வினோதரூபி கொப்பியை மடியில் விரித்து
'ரீ என்றால் திரும்பவும்' என்கிறாள்.
'அப்ப பிளேன்ரீ?'
'திரும்பவும் வெறுந்தேத்தண்ணி.'
பால்மா விற்கிற விலைக்கு அது சரிதான்.

டிஸ் எங்களுக்குப் பாடமாக்கத் தேவையில்லை.
பிளேஸுக்கு முன்னால் அதைக் கட்டி
மாங்குளம், விசுவமடு, பிறகு பெயர் கேட்க நேரமில்லாத வெளிகள் என்று
சட்டி பானையோடு இழுத்துத் திரிந்தவர்கள்.
பிறகு செட்டிலுக்கு முன்னால் ரீ போட்டு
பன்னிரண்டு தகரமும் ஒரு மண்வெட்டியும் தந்தார்கள்.

டீ என்றால் அகற்றுதல்.
டீமைனர் என்று எங்கள் அங்கியின் முதுகில் இருக்கிறது.
தோய்க்கிற கல்லில் அந்த முன்துண்டு தேய்ந்துபோனால்
நாங்கள் வெடி புதைக்கிற ஆட்கள்.

அன்தான் எனக்குப் பிடித்தது.
சேஃப். அன்சேஃப்.
சிவப்புத் தலைக் கம்பு மாதிரி
சொல்லுக்குள் கால் வைக்க முன்னமே நிற்கிறது.
தமிழ்ப் பலகை என்றால்
'இக்காணி பாதுகாப்பானது' வரை நம்பி நடந்து
'அல்ல'வில் கால் போய்விடும்.

அடுத்த பக்கத்தில் மிஸ். பிழையாக.
மிஸ்யூஸ், மிஸ்பிளேஸ்.
நான் முந்திக்கொண்டு மிஸ்ஸிங் என்றேன்,
பிழையாய்ப் பாடுறது.
எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.
தம்பி நிலோஜனின் பைலில் அந்தச் சொல் இருப்பது
சிரித்து முடியத்தான் ஞாபகம் வந்தது.
கொப்பியை விட்டுக் கண்ணெடுக்காமல் வினோதரூபி சொன்னாள்:
'அதில இருக்கிறது முன்னொட்டு இல்லையடி.
கழற்ற ஏலாது.'

அம்மா தமிழிலேயே இருக்கிறா.
'தம்பி வ' என்று தொடங்குவா.
வருவானுக்கும் வரமாட்டானுக்கும் ஒரே வ.
மிச்சத்தைச் சொல்லாமல் அடுப்பை ஊதப் போய்விடுவா.
எங்கட மொழியில் இல்லை என்பது கடைசியில்தான் வரும்.
அவ இன்னும் கடைசிக்குப் போகவில்லை.

விசில்.
பதினான்காம் லேனில் முழங்காலில் இருந்து
விரலளவு விரலளவாய் மண்ணைச் சுரண்டுகிறேன்.
டிடெக்டர் இவ்வளவு கத்தினது
ஒரு மீன்ரின் மூடிக்கு.
டிஸ்கவர், என்று நினைத்துக்கொண்டேன்.
கவருக்கு முன்னால் டிஸ்.
சோதனையில் கேட்டால் எழுதுவேன்.