ஏழாவது பெட்டி

தலவாக்கலை பஸ் ஸ்டாண்டுக்கு மேலே
மரக்கறி லொறிக் கொம்பனியின் மாடியறை.
கொழும்பில் ஏதோ வங்கி கழித்துப்போட்ட சேர்வர்
காலி கெரட் சாக்குகளோடு லொறியில் ஏறி வந்திருக்கிறது.
மூடியைத் திறந்தேன்.
உள்ளே வங்கியின் தூசு.
ஊதித் தள்ளினேன்.

'ஏசி போடணுமா?' என்றார் குருபரன் முதலாளி.
ஜன்னலைக் காட்டினேன்.
மார்கழி இலவசமாக நின்றுகொண்டிருந்தது.
குளிர் இல்லை, இடிதான் இங்கே எதிரி.
போன ஏப்ரலில் ஒரே மின்னலுக்கு
மூன்று ரவுட்டர், ஒரு டிவி, கோயில் ஸ்பீக்கர்.
ஆகவே முதலில் மண்ணுக்குள் செம்புக் கம்பி,
ஒரு வாளி தண்ணீர், இரண்டு பிடி உப்பு.
அதிலேயே மதியம் ஆகிவிட்டது.

இரண்டு ஹார்ட் டிஸ்க்.
ஒன்றில் எழுதுவதை மற்றதும் எழுதிக்கொள்ளும்.
ஒன்று செத்தால் மற்றது கணக்குச் சொல்லும்.
'ரெண்டும் செத்தா?' என்றாள் கணக்குப் பார்க்கும் பிரமிளா.
அதற்கென்றே மூன்றாவது,
வெள்ளிதோறும் பொலித்தீனில் சுற்றி
பேலியகொடைக்குப் போகும் சிரிமலின் லொறியில்
சீட்டுக்கடியில்.

பிறகு கோப்புகள்.
'கெரட் புதுசு', 'கெரட் புதுசு 2', 'கெரட் கடைசி',
'கெரட் உண்மையாவே கடைசி'.
எது சரி என்றேன்.
மூன்று பேர் மூன்றைக் காட்டினார்கள்.
யார் பார்க்கலாம், யார் எழுதலாம், யார் அழிக்கலாம்?
அழிக்கும் உரிமையை மட்டும் எல்லோரும் கேட்டார்கள்.

மின்னஞ்சல் பெட்டிகள் ஏழு.
ஏழாவது தவக்குமார், மூட்டை ஏற்றுபவன்.
'அவனுக்கு எதுக்கு?'
'எடைச் சீட்டைப் படமெடுத்து அனுப்புறது அவர்தானே, சேர்.'
அவன் பெயர் இங்கிலீஷில்
அடையாள அட்டையில் ஒரு மாதிரி,
பிறப்புச் சான்றிதழில் வேறு மாதிரி.
'நீங்களே ஒன்னு போடுங்க, அக்கா.'
மாட்டேன் என்றேன்.
மேசைத் தூசியில் விரலால்
இரண்டையும் எழுதிப் பார்த்தான்.
நீளமானதை எடுத்துக்கொண்டான்.

நாலரை மணிக்கு முதலாளி குரலைத் தாழ்த்தினார்:
'எல்லாருக்கும் வர்ற மெயில் முதல்ல எனக்கு வந்து,
நான் பாத்து, அப்புறம் அவங்களுக்குப் போற மாதிரி
செய்ய ஏலுமா?'

ஏலும். ஒரே ஒரு வரி.

எங்கள் லயத்துக்கு இலக்கம் இருந்தது, முகவரி இல்லை.
கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வரும்,
யார் கையிலோ திறக்கும்,
பெரட்டில் பெயர் கூப்பிடும்வரை காத்துக் கிடக்கும்.
என் நேர்முகப் பரீட்சைக் கடிதம்
பரீட்சை முடிந்து பதினோராம் நாள் கைக்கு வந்தது.
உறை மேல் தேத்தண்ணிக் கோப்பையின் வட்டம்.
இதை அவரிடம் சொல்லவில்லை.
சொன்னால் கதையாகிவிடும்,
பில் இன்னும் கொடுக்கவில்லை.

'ஓடர் பெட்டிக்குச் செய்யலாம் சேர், அது கொம்பனியுடையது.
ஆட்களோடதுக்கு இல்லை.'
'ஏலாதா?'
'ஏலும். செய்ய மாட்டேன்.'
பதுளை ரயில் வளைவில் கூவியது.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
வெகுநேரம் துடைத்தார்.
'மாசச் செலவு எவ்வளவு சொன்னீங்க?'

முதல் சோதனைக் கடிதம்
வெளியே போய் ஸ்பாமில் விழுந்தது.
புதிய முகவரி, யாருக்கும் அறிமுகமில்லை.
இந்தப் பெயர் இந்த இலக்கத்தில்தான் குடியிருக்கிறது என்று
சாட்சிப் பதிவுகள் எழுத வேண்டும்.
எங்கள் ஆட்களுக்குப் பழகிய வேலைதான்.

இரண்டாவது தவக்குமாருக்கு.
கீழே மூட்டைகளுக்கிடையில் அவன் போன் கிணுங்கியது.
படியேறி வந்தான்.
'காலியா இருக்கே, அக்கா.'
'சோதனை அப்படித்தான்.'
'ஏதாச்சும் எழுதுங்க. மொத கடிதம்.'

தூரத்தில் இடி. பிளக்கைக் கழற்ற வேண்டும்.
எழுதினேன்:
நாளைக் காலை ஐந்தரைக்கு லொறி.

அது அவனுக்குத் தெரியும்.
இருந்தும் இரண்டு முறை வாசித்தான்.